தார்பாயை எடுப்பதற்கு முன் இதைப் படி

தம்பி,

அம்மா இந்த நோட்டை உன் கையில் கொடுக்கும்போது நீ தோள் பையை இறக்கிவிட்டு நேராகப் பின்பக்கம் ஷெட்டுக்குப் போகப் பார்த்திருப்பாய். போகாதே. முகம் கழுவிக்கொண்டு உட்கார். அம்மா தோசை ஊற்றட்டும். இதைக் கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் போய் அந்தத் தார்பாயைத் தூக்கிப் பார். நேரில் பேசினால் நீ பாதியில் வெட்டுவாய், நான் குரலை உயர்த்துவேன், அம்மா கரண்டியோடு வந்து இரண்டு பேரையும் அடக்குவாள். எழுத்தில் நீ என்னை வெட்ட முடியாது. அறுபத்தெட்டு வயதில் எனக்கு இந்த வசதி கிடைத்திருக்கிறது. அதை முழுசாக அனுபவித்துவிட்டுத்தான் விடுவேன். ஆமாம், கையெழுத்து என்னுடையதுதான். யாரும் எழுதித் தரவில்லை. போன வருஷம் வார்டு பள்ளிக்கூடத்தில் மத்தியான வகுப்புக்கு நான் போக ஆரம்பித்தபோது, "கையெழுத்துப் போடக் கத்துக்கறியாப்பா? நல்லது" என்றாய். நான் தலையை மட்டும் ஆட்டினேன். கையெழுத்தோடு நிற்கவில்லை என்பது உனக்கு இப்போதுதான் தெரிகிறது.

இது உனக்கு மட்டும் எழுதியது என்றும் நினைத்துக்கொள்ளாதே. டீச்சர் எங்களை ஆளுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். கூடப் படிக்கிற பெண்கள் தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று நகராட்சிக்கு எழுதினார்கள். நான் என் மகனுக்கு எழுதுகிறேன் என்றேன். ஒரு பக்கம் போதும் ஐயா என்றார். எத்தனை பக்கம் ஆகியிருக்கிறது என்று நீயே பார். முடிந்ததும் எல்லாவற்றையும் நகல் எடுத்துப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டப் போகிறாராம். தாராளமாக ஒட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். தெரு முழுக்கப் படிக்க வேண்டிய விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. அது கொஞ்சம் தள்ளி வருகிறது.

முதலில் காரைப் பற்றிப் பேசுவோம், ஏனென்றால் ஆடி மாசத்திலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல் அதனால்தான். குறிஞ்சிப்பாடியில் ஒரு டாக்டர் வீட்டுப் புளிய மரத்தடியில் வருஷக்கணக்காகக் கிடந்ததை நீ டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தாய். உண்மையில் எனக்குச் சந்தோஷம். நாற்பது வருஷம் கடலூரிலும் சிதம்பரத்திலும் பட்டறைகளில் டிங்கரிங், பெயின்டிங் என்று ஊரார் வண்டியைத்தான் தட்டி நிமிர்த்தியிருக்கிறேன். நமக்கென்று ஒரு கார் நம் இடத்தில் நின்றதில்லை. உன் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் வேண்டாம், இந்தக் காரில் உட்கார்ந்துதான் சிதம்பரத்தில் நாலு வீதியும் சுற்றி மண்டபத்துக்குப் போவேன் என்று நீ சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டென்று எழுந்து பம்ப்பைப் பார்க்கப் போகிற மாதிரி போய்விட்டேன். போயிருக்கக் கூடாது. அந்தக் காருக்கு நான் எதிரி என்று நீ நினைக்க ஆரம்பித்தது அங்கேதானோ என்னவோ.

இந்த வருஷம் ஆடியில் பாடி வேலையை ஆரம்பித்தாய். சிதம்பரத்தில் காலேஜ் ஆபீஸில் ஆறு நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு, ஞாயிறு காலையில் பைக்கில் வந்து இறங்குவாய். ஒரு ஞாயிறு கூரையில் இருந்த பழைய பெயின்ட்டைச் சுரண்டி, எமரித் தாள் போட்டுத் தேய்த்து, தகட்டை வெள்ளிப் பாத்திரம் மாதிரி ஆக்கினாய். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அப்படியே விட்டுவிட்டுப் போனாய். அடுத்த ஞாயிறு வந்தால் கூரை முழுக்கப் பழுப்புப் பொடி. அதைப் பாதி நாள் தேய்த்துவிட்டு, மிச்சப் பாதி நாளில் டிரைவர் பக்கக் கதவைச் சுரண்டினாய். அதற்கடுத்த வாரம் கூரையும் கதவும் பழுப்பு. ஏழு ஞாயிறு, தம்பி. அந்த ஒரே கதவை நீ ஏழு ஞாயிறு தேய்த்திருக்கிறாய். நான் எண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். துருவை மட்டுமா தேய்க்கிறாய்? தகட்டையும் சேர்த்துத்தானே? இன்னும் பத்து ஞாயிறு போயிருந்தால் அந்தக் கதவு வழியாக அம்மா மாவு சலித்திருக்கலாம்.

நாம் இருப்பது முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கத்தில். கொண்டல் காற்று அடித்தால் உதட்டை நக்கினாலே உப்புக் கரிக்கிற இடம். இங்கே ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும், அரிவாள்மனை துருப்பிடிக்கும், மளிகை டின்னின் மூடி துருப்பிடிக்கும். இந்த ஊரில் வெறும் தகட்டைத் திறந்து போட்டுவிட்டு ஆறு நாள் கழித்து வருகிறவனை நான் என்ன சொல்வது? சொல்லத்தான் செய்தேன். நீ போனில் ஒரு வீடியோவைக் காட்டினாய். "மொத்தமா எல்லா பெயிண்டும் எடுத்துட்டு ஒரே நாள்ல பிரைமர் அடிக்கணும்பா. அப்பதான் ஒரே சீரா ஒக்காரும். இவன் அப்படித்தான் செய்யறான் பாரு." நானும் பார்த்தேன். அந்த வெள்ளைக்காரன் ஷெட்டுக்கு நாலு பக்கமும் சுவர் இருக்கிறது. காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்ச ஒரு மிஷின் ஓடுகிறது. நாலு ஆள் சேர்ந்து மூன்றே நாளில் முழுக் காரையும் சுரண்டி மூன்றாம் நாளே பிரைமர் அடிக்கிறார்கள். நீ வாரத்தில் ஒரு நாள் வருகிற ஒற்றை ஆள். உனக்கு அவன் வழி எப்படிச் சரிப்படும்? "அவன் ஊர்ல கடல் எங்கடா இருக்கு?" என்று கேட்டேன். அவன் ஊரில் பனியே கொட்டுகிறது, அதைவிடவா என்று சிரித்தாய்.

பட்டறையில் நாங்கள் வண்டியைத் துண்டு துண்டாகத்தான் எடுப்போம். காலையில் ஒரு பலகை, அதாவது கதவோ கூரையோ ஏதாவது ஒன்றை மட்டும் சுரண்டுவது, தின்னர் போட்டுத் துடைப்பது, பொழுது சாய்வதற்குள் பிரைமர் அடித்து மூடுவது. மூட முடியாது என்று தெரிந்தால் பழைய பெயின்ட்டைத் தொடவே மாட்டோம். அது எவ்வளவு வெளுத்து, வெடித்து, அசிங்கமாக இருந்தாலும் சரி, தகட்டை அதுதான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்கிறவனுக்கு இதை விட்டால் வேறு வழி கிடையாது. இதைச் சொல்ல எனக்கு எந்த வீடியோவும் வேண்டாம்.

புரட்டாசியில் ஆபீஸில் சென்னைக்கு அனுப்புகிறார்கள், தீபாவளிக்குத்தான் வருவேன் என்று வந்து நின்றாய். அன்றைக்குப் பார்த்தால் இடது பக்கத்துப் பின் கதவு ஒன்றைத் தவிர முழுக் காரும் அம்மணமாக நிற்கிறது. மழை வர இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. நான் பிரைமர் அடித்து வைக்கிறேன் என்றேன். நீ என் முகத்தைப் பார்க்காமல், கைத்துணியில் விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னாய். "வேணாம்பா. நீ தொடாத. தார்பாய் போட்டு மூடி வையி, போதும்." அப்படியே செய்தேன். மறுநாள் காலையில் தார்பாயைத் தூக்கினால், அடிப்பக்கம் முழுக்க வேர்த்த மாதிரி துளித் துளியாகத் தொங்குகிறது. காரை மூடி வைக்கச் சொன்னாயா, அவிக்கச் சொன்னாயா?

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. போன வருஷம் முதல் முதலில் பானட்டைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு, சிதம்பரத்திலிருந்து பெரிய டின் ஒன்றும் சின்ன டின் ஒன்றும் வாங்கி வந்து, "அடிச்சி வையுப்பா" என்று என்னை நம்பித்தான் கொடுத்துவிட்டுப் போனாய். நான் பழகியதெல்லாம் ஒரே டின் பிரைமர். தின்னர் கலப்பது, அடிப்பது, அவ்வளவுதான். சின்ன டின்னைத் திறந்து மோந்து பார்த்தேன். தின்னர் வாசனை இல்லை. ஏதோ வேறு வேலைக்கு வாங்கியது என்று மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டில் காலேஜ் படிக்கிற பெண் இருக்கிறாள், ஒரு குரல் கொடுத்திருந்தால் படித்துச் சொல்லியிருப்பாள். நாற்பது வருஷம் பெயின்ட் அடித்தவன் ஒரு டின்னைக் காட்டி இது என்ன என்று கேட்பதா என்று இருந்துவிட்டேன். அந்த இரண்டையும் கலந்தால்தான் இறுகும் என்பது எனக்குத் தெரியாது. பானட் காயவே இல்லை. நீ வந்து பார்க்கும்போது கொசுவும் வேப்பம் பூவும் கோழி இறகும் ஒட்டிக்கொண்டு ஏதோ வேண்டுதலுக்குச் சாத்திய அலங்காரம் மாதிரி இருந்தது. மூன்று ஞாயிறு தின்னர் போட்டு வழித்தாய்.

அப்போதும் நீ என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், அதோடு போயிருக்கும். பெண் வீட்டிலிருந்து சம்பந்தி முதல் முதலாக நம் வீட்டுக்கு வந்திருந்தார். பின்பக்கம் வந்து பானட்டைப் பார்த்து, என்ன இது என்று கேட்டார். நீ சொன்னாய். "அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது மாமா. அவர் மேல தப்பு இல்ல." மெதுவாகத்தான் சொன்னாய், என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாய். எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. நான்கு நாள் கழித்து வகுப்பில் பேர் கொடுத்தேன். ஆண் பிள்ளை நான் ஒருவன்தான். அம்மா, "பையி வாங்கித் தரட்டா, தண்ணி பாட்டில் வாங்கித் தரட்டா" என்று தெருவில் நிற்கும்போதே கேட்டாள். நீ அதற்குப் பிறகு பாடி வேலையையே தள்ளி வைத்தாய். ஒரு வருஷம் இன்ஜினை மட்டும் பார்த்தாய். இந்த ஆடியில் மறுபடி ஆரம்பித்தபோது துண்டு துண்டாக அப்பாவிடம் கொடுக்க வேண்டாம், மொத்தமாகச் சுரண்டி நானே ஒரே நாளில் அடித்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தாய். வீடியோக்காரன் உனக்கு அதற்கப்புறம் கிடைத்தவன். அந்த முட்டாள்தனத்துக்கு விதை போட்டவன் நான்தான் என்று எனக்குத் தெரியும். அப்படியிருந்தாலும் அது முட்டாள்தனம்தான்.

நீ சென்னைக்குப் போய் மூன்றாம் நாள் காலையில் நான் தார்பாயை உருவிப் போட்டுவிட்டேன். அலமாரியில் இருந்த பழைய டின்கள் காலாவதி ஆகியிருந்தன. தேதியை நானே படித்தேன். கடையில் காட்டி அதே மாதிரி வாங்க ஒரு டின்னைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். இத்தனை வருஷமாக, "இது எங்க போகுதுப்பா?" என்று யாரையாவது கேட்டுத்தான் ஏறியிருக்கிறேன். ஒரு தடவை கேட்கக் கூச்சப்பட்டு ஏறி வடலூரில் போய் இறங்கியது உனக்குத் தெரியாது. அன்றைக்கு நின்று நிதானமாகப் படித்தேன். வரிசையில் மூன்றாவது பஸ்ஸில் சிதம்பரம் என்று எழுதியிருந்தது. ஏறி உட்கார்ந்து, வழியெல்லாம் போர்டு படித்துக்கொண்டே போனேன். பஸ் வேகமாகப் போனால் பாதிதான் படிக்க முடிகிறது. இறங்கி நடந்தபோதும் கீழ வீதியில் ஒரு கடை விடாமல் படித்ததில் பத்து நிமிஷ நடைக்கு ஒரு மணி நேரம் ஆனது. அங்கே சம்பந்தி எதிரே வந்தார். "என்னா சம்பந்தி, தனியாவா வந்தீங்க? யாரு வழி காமிச்சது?" என்றார். "போர்டு காமிச்சிது" என்றேன். அவருக்குப் புரியவில்லை. காப்பி வாங்கிக் கொடுத்தார். பிரைமர் விஷயத்தை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

வாங்கி வந்த புது டின்மேல் எல்லாம் இங்கிலீஷ்தான். ஆனால் அட்டைப் பெட்டிக்குள் மடித்து மடித்து ஒரு தாள் வைத்திருக்கிறார்கள். அதில் ஏழெட்டு பாஷை. கடைசி மடிப்பில் தமிழ். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கண்ணாடியையும் போட்டுக்கொண்டு பூதக்கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு இரண்டு காலைப் பொழுது படித்தேன். பெரிய டின்னில் நாலு பங்கு, சின்ன டின்னில் ஒரு பங்கு. கலந்தபின் இருபது நிமிடம் அப்படியே வைக்க வேண்டும். அதற்குப் பிறகு நாலு மணி நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும். ஈரம் இருக்கும்போது அடிக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி, அந்தப் பக்கத்தைக் கிழித்து ஷெட் தூணில் ஒட்டினேன். அம்மா வந்து விரல் வைத்துப் படித்துப் பார்த்துவிட்டு, எழுத்து கோணலாக இருக்கிறது, கணக்கு சரியாக இருக்கிறது என்றாள்.

முதலில் பானட். பத்து மணிக்கு வெயில் ஏறி ஈரம் போனபிறகு தேய்த்தேன். துடைத்தேன். அளந்து கலந்தேன். இருபது நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அடித்தேன். அன்று இரண்டு மடங்கு அதிகமாகக் கலந்துவிட்டேன் போல, கோப்பையில் பாதி மிச்சம். மறுநாள் காலையில் முதலில் பானட்டைத் தொடாமல் அந்தக் கோப்பையைத்தான் எடுத்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது கல்லாக இறுகியிருந்தது. சுத்தியால் தட்டினால் டக் டக் என்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன். "இம்மாம் பெயிண்ட்டு வீணாப் போயிருக்கு, இதுக்குச் சிரிக்கிற மனுசன உன்னத்தான் பாக்கறேன்" என்றாள் அம்மா. அந்தக் கோப்பையை எறியவில்லை. நீ பார்ப்பதற்காக ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

ஒரு நாளைக்கு ஒரு பலகைக்கு மேல் தொடவில்லை. காலையில் கார், மத்தியானம் வகுப்பு, சாயங்காலம் இந்தக் கடிதம். கூரைக்கு வந்த அன்று ஒன்றைப் பார்த்தேன். கடைசியாகத் தேய்த்த அன்று நீ வேர்வைக் கையைக் கூரையில் ஊன்றிக்கொண்டு பேசினாய் அல்லவா, அந்தக் கை அப்படியே துருவாகப் பதிந்திருந்தது. ஐந்து விரலும், உள்ளங்கை ரேகையும்கூடத் தெரிந்தது. வெறும் தகட்டை வெறும் கையால் தொடாதே என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். தேய்க்க மனசு வரவில்லை, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் தேய்த்துவிட்டேன். பிரைமருக்கு அடியில் அதை விட்டுவைத்தால் உள்ளுக்குள்ளேயே பரவி ஒரு வருஷத்தில் பெயின்ட்டைத் தூக்கிவிடும். உன் கை என்று துருவுக்குத் தெரியாது.

முதல் மழை வந்த அன்று கார் முக்கால்வாசி சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. நான் ஷெட் ஓரத்தில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் சந்து வழியாக வாசல் கேட் தெரியும். தெருவே படிக்க வேண்டும் என்றேனே, அது இந்தக் கேட்டைப் பற்றித்தான். உனக்கு அப்போது ஆறு வயது. இந்த வீட்டைக் கட்டி முடித்த வருஷம். பழைய இரும்புக் கடையிலிருந்து வாங்கி வந்த கேட் அது. பெயின்ட் அடிக்கலாம் என்று இரண்டு கீலையும் உளியால் சுரண்டித் தகதகவென்று ஆக்கினேன். மறுநாள் சிதம்பரத்தில் ஒரு பஸ் பாடி வேலை என்று கூப்பிட்டார்கள், போய்விட்டேன். தினமும் போய் வந்தேன், கேட்டைத் தினமும் திறந்து மூடினேன், பிரைமர் மட்டும் அடிக்கவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்கப் போயிற்று. "ஊரான் வண்டிக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிறாரு, ஊட்டு கேட்டு ஒப்பாரி வைக்குது" என்று அம்மா ஒவ்வொரு நாளும் சொன்னாள். ஒரு சாயங்காலம் மேல் கீல் இற்று உடைந்தது. கேட் உன் இடது காலில் விழுந்தது.

தெருவில் எல்லோரும் ஓடி வந்தார்கள். நான் உன்னைத் தூக்குவதற்கு முன்னால் உன் முதுகில் ஒன்று வைத்தேன். கேட்டில் தொங்கி ஆடாதே என்று எத்தனை தடவை சொல்வது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். நீ ஆடவில்லை. நான் வருவதைப் பார்த்து, கையிலிருக்கிற டிபன் கேரியரை வாங்கிக்கொள்ளக் கேட்டைத் திறந்தாய். அவ்வளவுதான் செய்தாய். நான் சொன்னதை ஊர் நம்பியது. நீயும் நம்பிவிட்டாய். நிச்சயதார்த்தத்தன்று அந்தப் பெண் உன் இடது காலில் நசுங்கிய விரலைப் பார்த்துக் கேட்டபோது, "சின்ன வயசுல கேட்ல ஆடி வாங்கினது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் ஜிலேபி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இப்போது எழுதுகிறேன், சுவரில் ஒட்டட்டும். என் மகன் கேட்டில் ஆடவில்லை. கீலைச் சுரண்டிவிட்டு மூடாமல் விட்டவன் நான். அடி வாங்க வேண்டியவனும் நான்.

மழை விட்டதும் அம்மாவிடம் போய் இதைச் சொன்னேன். இருபத்திரண்டு வருஷம் கழித்து. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "ஒடைஞ்ச கீலப் பெருக்கி எடுத்தவளே நான்தான். எனக்குத் தெரியாதா? நீயா சொல்லுவன்னு பாத்தேன்" என்றாள். இத்தனை வருஷமும் என்னோடு ஒரே வீட்டில் அதைத் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது. கேட்டிருக்கலாமே என்று. கேட்டிருந்தாலும் நான் மழுப்பியிருப்பேன். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அப்பன் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்கிறார்கள். என்னிடம் இருப்பது இதுதான். அந்தப் பெண்ணிடம் தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. அவளுக்குத் தெரிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராதே. தெரிந்துதான் இருக்கும். இன்னொன்று, யார் முன்னாலும் அவளுக்காக நீ பதில் சொல்லாதே. அவளைக் காப்பாற்றுவதற்காக என்றாலும் வேண்டாம். அவளுக்கு வாய் இருக்கிறது. எனக்கும் இருந்தது.

நீ தொடாதே என்று சொன்னதை நான் தொட்டுவிட்டேன். கோபம் வந்தால் கோபப்படு. ஆனால் தார்பாயை எடுத்துப் பார்த்துவிட்டுக் கோபப்படு. அதைக் காரின்மேல் போர்த்தவில்லை, நாலு கம்பு நட்டுக் கூடாரம் மாதிரிக் கட்டியிருக்கிறேன், உள்ளே காற்று போகும். டிரைவர் பக்கக் கதவின் கீழ் விளிம்பில் தகடு இற்றுப் போயிருந்ததை வெட்டி, புதுத் துண்டு வைத்து வெல்டிங் செய்திருக்கிறேன். அதைத் தடவிப் பார், ஒட்டு தெரிந்தால் சொல். நீ ஏழு ஞாயிறு தேய்த்த கதவு அது, அதைக் காப்பாற்ற எனக்கு ஐந்து நாள் ஆனது. எந்த இடத்திலாவது நகத்தால் கீறிப் பார். ஒட்டினால், உரிந்தால், பிசுபிசுத்தால், இனி அந்த ஷெட்டுக்குள் கால் வைக்க மாட்டேன்.

இடது பக்கத்துப் பின் கதவை மட்டும் நான் தொடவில்லை. மாப்பிள்ளை அழைப்பன்று நீ ஏறப் போவது அந்தக் கதவு வழியாகத்தான். புளியங்கிளை விழுந்த நசுங்கலோடு, டாக்டர் காலத்துப் பழைய வெண்ணெய் நிறப் பெயின்ட்டோடு அப்படியே இருக்கிறது. இத்தனை மழையிலும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அது உன் வேலை. நாளைக்குக் காலையில் வெயில் ஏறியதும் சுரண்ட ஆரம்பித்தால் மத்தியானத்துக்குள் தகடு வந்துவிடும். பொழுது சாய்வதற்குள் மூட வேண்டும். நான் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், கையைக்கூட நீட்ட மாட்டேன். இரண்டு டின்னும் ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. நீ கலக்கு. தாளில் இருப்பதை நான் படித்துச் சொல்கிறேன்.

அப்பா